முதலிடத்துக்கும் பாடு உண்டு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் பேத்தி பெங்களூரிலிருந்து போன் செய்வாள். காலம் காலமாக இல்லை, ஒரு ஆறேழு மாதம் அப்படி நடந்தது. அதற்கு முன்னால் பொங்கலுக்கு ஒரு போன் வரும். என் காலில் கெளுத்தி மீன் முள் குத்திச் சீழ் பிடித்தபோது இன்னொன்று வந்தது. அவ்வளவுதான். திடீரென்று வாராவாரம் கூப்பிட ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் சும்மா பாசம் வராது. என் வயிற்றில் பிறந்த வம்சம் ஆயிற்றே.

காரணம் ஒரு பட்டியல்.

அவள் வேலை பார்க்கிற இடத்தில் பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள். பாடுவது கிடையாது, ஆடுவது கிடையாது. கேட்பது, பிறகு போனில் படிக்கிற மாதிரி எழுதிப் போடுவது. அதற்குச் சம்பளம்.

"கேக்கறது ஒரு வேலையா? உன் தாத்தா முப்பது வருஷம் நான் திட்டனத கேட்டாரேடி. அவருக்கு பென்ஷனே குடுத்திருக்கணும்" என்றேன்.

அங்கே ஐந்து பேர் உட்கார்ந்து, இதுவரை வந்ததிலேயே ஒசத்தியான முப்பது ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்று இரண்டு என்று வரிசை போடுகிறார்களாம். ஆல்பம் என்றதும் எனக்குக் கல்யாண போட்டோதான் ஞாபகம் வந்தது.

"உன் நைனா கல்யாண ஆல்பத்த சேத்துக்கோ. ஒரு பக்கத்துலகூட நான் கண்ண தொறந்துகினு இல்ல."

"ஆயா, இது பாட்டு. ஒரு கேசட்டு முழுக்க சேந்து வர்ற பாட்டுங்க."

"அத்த கேசட்டுனே சொல்லித் தொலையேன்."

சினிமா, நாகஸ்வரம், கானா, கோயில் பாட்டு, மாதா கோயில் பாட்டு, பையன்கள் மூச்சுவிடாமல் பேசுகிற பாட்டு, வெள்ளைக்காரன் பாட்டு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தப் போகிறார்கள். ஐந்து பேரும் படித்தவர்கள். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். இது புதுசு, அது பத்துப் பேரை மாற்றியது, இன்னொன்று ஊரெல்லாம் விற்றது. சண்டை தீராது. படிக்காத காது ஒன்று வேண்டும் என்று என் பேத்தி என்னைப் பிடித்தாள். மூன்றாம் வகுப்போடு நான் நிறுத்திக்கொண்டது கடைசியில் ஒரு தகுதி ஆனது. ஆபீசில் எனக்கு 'ஆறாவது காது' என்று பேராம்.

வீட்டுக்குப் பின்னால் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தால்தான் சிக்னல். மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். மகன் எண்ணூரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான், குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். குப்பத்தில் ஆள் இல்லாமல் இல்லை, ஆனால் அவரவர் வீட்டில் அவரவருக்குப் பேச ஆள் இருக்கிறது. ஒரு நாளில் நான் வாய் திறப்பது, காலையில் பால் பாக்கெட் கொண்டுவருகிறவளிடம் 'ஒண்ணு' என்று சொல்லத்தான். சில நாள் அதையும் விரலைக் காட்டி முடித்துவிடுகிறேன்.

ஒரு ஞாயிறுக்கு இரண்டு ஆல்பம் என்று அவள் ஆரம்பித்தாள். முப்பதாவதிலிருந்து ஏறிக்கொண்டு போவதாகத் திட்டம். மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். பட்டியல் முடிந்தால் போனும் முடியும் என்று எனக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. அதனால் அது முடியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதைப் போட்டாலும் குற்றம் சொல்ல வேண்டும். போன வாரம் நல்லா இருக்கிறது என்று சொன்னதை இந்த வாரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

"இருவத்தேழு சரின்னு நீதான ஆயா சொன்ன?"

"சொன்னேன். ராத்திரி யோசிச்சேன். அத்த எழவு வீட்டுல போட முடியுமா?"

"எதுக்கு எழவு வீட்டுல போடணும்?"

"கண்ணாலத்துல எத்த வேணா போடலாம்டி, எவன் கேக்கறான்? பிரியாணி மேலதான் கண்ணு. எழவு வீட்டுல சும்மா குந்திகினு இருப்பான். அங்க நிக்குது பாரு, அதான் பாட்டு."

அவள் எழுதிக்கொள்வாள். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். இருபத்தேழு முப்பதுக்கு இறங்கும், அங்கே இருந்தது ஏறும், அதற்கு அடுத்த வாரம் பஞ்சாயத்து. இப்படியே மழைக்காலம் போனது.

உண்மையைச் சொல்கிறேன், அவள் போட்டதில் பாதிக்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் பாட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் போனை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அவள் திரும்பி வந்து "எப்டி?" என்று கேட்கிற இடம்தான் எனக்கு வேண்டும். நாகஸ்வரக் கேசட் ஒன்று போட்ட அன்றைக்கு அரிவாள்மனையில் மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். செதில் பறக்கிற சத்தத்தில் ஊதுகிறவர் ஊதினாரா உறங்கினாரா என்றே தெரியாது.

"எப்டி ஆயா?"

"கண்ணாலம் முடிஞ்சி பந்தல் பிரிக்கறப்ப ஊதற மாதிரி கீது. தள்ளு கீழ."

"எனக்கு ரொம்பப் புடிச்சது ஆயா இது. ஆறாவது வெச்சிருக்கேன்."

"உனக்கு புடிச்சா நீயே கேளு. ஊரு எதுக்கு கேக்கணும்?"

அடுத்த வாரம் அது இருபத்திரண்டில் இருந்தது.

ஒரு தடவை மட்டும் நான் நிஜமாகவே வாதாடினேன். இளம்வயதில் இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவள் நான். கை பட்டாலே எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன்.

"இறால இறாலோட தரம் பிரிக்கலாம். இறாலையும் நண்டையும் ஒரே கூடைல கொட்டிட்டு எது ஒசத்தின்னா, இன்னாடி பேச்சு அது? நண்டுக்கு காலு கீது, இறாலுக்கு ருசி கீது. தனித்தனி கூடைல வையேன்."

"தனிக் கூடைல வெச்சா கானா கூடைகிட்ட எவன் ஆயா வருவான்? சினிமா கூடையிலயே நின்னுடுவான். ஒரே வரிசைல வெச்சாதான், ஏழாவது இன்னானு பாக்க வந்தவன் எட்டாவதையும் கேப்பான்."

இருமினேன். "தண்ணி குடி ஆயா" என்றாள். தப்பித்தேன்.

நான் எவ்வளவு இழுத்தாலும் பட்டியல் ஏறிக்கொண்டே போய் ஒன்றாம் நம்பருக்கு வந்துவிட்டது. ஒரு பழைய சினிமா கேசட், இல்லாவிட்டால் சாவுக்குப் பாடுகிற பையன்களின் கானா ஆல்பம், இரண்டில் ஒன்று. ஆபீசில் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், ஒருத்தன் மதில்மேல்.

"இன்னிக்கி முடிச்சாவணும் ஆயா. நீ சொல்றதுதான் கடைசி. சொல்லு."

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஏரியைப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு படகு வலை கட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம ஏரில பாடு வுடறாங்களே, ஞாபகம் கீதா?" என்றேன்.

பத்து வயதிலேயே ஊரைவிட்டுப் போனவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. மீதியை நான் சொன்னேன். ஏரியில் இறால் ஓடிவருகிற நல்ல இடம் உண்டு, வலை வெறும் காற்றை வடிகட்டுகிற இடமும் உண்டு. பலம் உள்ளவனே தினமும் நல்ல இடத்தில் வலை கட்டினால் மற்றவன் பட்டினி கிடப்பான். அதனால் கோயில் முன்னால் சீட்டு எழுதிப் போட்டு எடுப்பார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு. அதற்குப் பேர்தான் பாடு. கைதேர்ந்தவனுக்கும் ஒரு பாடு, வலையைச் சிக்கலாக்கிக்கொண்டு வருகிற சோம்பேறிக்கும் ஒரு பாடு. எவன் ஒசத்தி என்று எங்கள் குப்பத்தில் பட்டியல் போட்டதே இல்லை.

ஒன்றை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. சீட்டு தலைக்கட்டுக்குத்தான், அதாவது ஆம்பளை இருக்கிற வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் போய், மகனும் எண்ணூருக்குப் போன பிறகு எங்கள் சீட்டு டப்பாவில் இல்லை. யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

"மொத எடத்த பாடு வுடுங்கடி. இந்த வாரம் சினிமா, அடுத்த வாரம் கானா, அப்பால நாகஸ்வரம். எல்லாத்துக்கும் சுத்தி வரட்டும்."

அவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

"ஆயா, நீ பெரிய கேடி!"

அவள் எதை நினைத்துச் சொன்னாளோ, எனக்குச் சரியாகத்தான் பட்டது. சுற்றி வருகிற பட்டியலுக்கு முடிவு ஏது? வாராவாரம் யார் பாடு என்று கேட்க எனக்குத்தானே போன் வர வேண்டும்? அன்றைக்கு ஒரு பிடி சோறு அதிகம் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கூப்பிட்டாள். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்களாம். மேலதிகாரி கையைத் தட்டினாராம். அதற்குத் தலைப்பே 'பாடு' என்று வைத்துவிட்டார்களாம். அங்கே ஒருத்தன், பாட்டுப் பாடச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டானாம். அதுவும் ஒரு அர்த்தம்தான். வயிற்றுப்பாடு, பெரும்பாடு என்கிறோமே, அந்த அர்த்தம் அவனுக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. நல்ல வயசு.

"அப்ப இந்த வாரம் யாரு பாடு?" என்று கேட்டேன்.

"அத்த கம்ப்யூட்டர் பாத்துக்கும் ஆயா. அதுவே சீட்டு போட்டு மாத்திக்கும். இப்ப ஆபீசுல சண்டையே இல்ல தெரியுமா?"

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் இன்னா? அதான் வேல முடிஞ்சிதே. எல்லாம் உன்னாலதான்."

என்னால்தான். சண்டை வரக் கூடாது என்றுதானே அந்தக் காலத்தில் பாடு வைத்தார்கள். சீட்டு எடுத்த பிறகு கரையில் யார் நின்று பேசுகிறார்கள்? அவனவன் படகை அவனவன் தள்ளிக்கொண்டு போகிறான். இது தெரிந்தும், அவர்களுடைய சண்டையை நானே என் வாயால் தீர்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. இரண்டு ஞாயிறும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்க வந்தவள், "யாருக்கு காவ காக்கறீங்க பெரீம்மா?" என்று கேட்டாள். "கொக்குக்கு" என்றேன். மூன்றாவது ஞாயிறு, பச்சைப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் கடைசியாகப் பேசினவருக்குப் போகும் என்று பால்காரி சொன்னதை நினைத்து அழுத்தினேன். அதுவரை அவளை நான் கூப்பிட்டதே இல்லை.

"ஆயா? ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா கீறேன்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன்."

எங்கள் இரண்டு பேருக்கும் அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. ஆறு மாதம் அப்படிப் பேசினோமே, எல்லாம் அந்தப் பட்டியல் பேசியதுதான் போலிருக்கிறது.

"வேற ஆயா?"

வேற என்று கேட்டால் வைக்கப் போகிறாள் என்று அர்த்தம். கையில் அகப்பட்டதை எடுத்து வீசினேன்.

"அந்த நாகஸ்வரம் கீதே, அத்த நான் கேக்கவே இல்லடி."

"இன்னாது?"

"மீன் ஆஞ்சிகினு இருந்தேன். ஒண்ணும் காதுல வுழல. சும்மா சொன்னேன்."

"ஆயா! நான் ஆறாவதா வெச்சிருந்தேன். நாலு பேரோட சண்ட போட்டு கீழ எறக்கினேன். 'எங்க ஆயா எத்தினி கண்ணாலத்துல நாயனம் கேட்டவ, அவளுக்குத் தெரியாதா'னு சொன்னேன். எனக்குப் புடிச்சத நானே எறக்கினேன் ஆயா!"

"தப்புதான்."

"வேற எதெல்லாம் கேக்கல?"

"எதெல்லாம் கேட்டேன்னு கேளு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் சிரிக்கவில்லை.

"கேக்காம, அப்ப எதுக்கு வாரா வாரம் அவ்ளோ சண்ட போட்ட?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கும் ஒன்று வந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். விழுங்கிவிட்டேன். காற்று மட்டும் போனுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கைல இன்னா கீது?" என்றாள், டீச்சர் மாதிரி.

"ஒண்ணும் இல்ல."

"அப்டியே குந்து. இப்ப போடறேன். முழுசா கேளு."

போனைப் பாட்டுப் பெட்டி பக்கத்தில் வைத்த சத்தம் கேட்டது. தவில் முதலில் வந்தது, பிறகு நாகஸ்வரம். கேட்டேன். ஒரு இடத்தில் மேலே ஏறிப் போய், வாடைக்காற்றில் பருந்து இறக்கையை ஆட்டாமல் நிற்குமே, அப்படி நின்றது. இறங்கட்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஆறாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு அநியாயம்.

பாட்டு முடிந்தது. அவள் வந்து கேட்பாள் என்று பார்த்தேன். வரவில்லை. போன் இருப்பதையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றுவது கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, பாத்திரம் ஒன்று இன்னொன்றில் இடித்தது. அவள் செருப்புச் சத்தம் கிட்ட வந்து தூரப் போனது. எதையோ தேடுகிறாள். ஒரு டப்பாவைத் திறந்து மூடினாள். அவள் வீட்டை நான் பார்த்ததில்லை.

அப்போது தும்மினாள்.

'நூறாயுசு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சத்தம் கேட்டால் ஞாபகம் வந்து ஓடிவருவாள், "அடடே ஆயா, இன்னும் லைன்ல கீறியா" என்று சொல்லி வைத்துவிடுவாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னொரு தும்மல் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து மனசுக்குள் சொல்லிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.