மெக்கானிக்கின் காதும் உருண்டையின் மூச்சும்

அந்த பைக் மெக்கானிக்குக் காதுதான் கண். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "செயின் தளர்ந்திருக்கு", "வால்வு தட்டுது" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். இருபது வருஷமாக எல்லாரும் புகழ்ந்து புகழ்ந்து அவரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். இஞ்சின் பேசினால் கேட்பார். எதிரே நிற்கிற ஆள் பேசினால் காதில் ஏறாது. கெட்டிக்காரர்களுக்கு வருகிற வியாதி அது.

வீட்டில் அவர், மனைவி, மனைவியின் அப்பா, உருண்டை என்கிற குட்டை நாய். மாமனார் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாளான பிறகு மூத்த மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மருமகன் வீட்டில் தங்குகிற மனிதருக்கு நடையே மாறிவிடும். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். டிவி சத்தம் போதவில்லை என்றாலும் கூட்டச் சொல்ல மாட்டார். உருண்டையிடம் மட்டும் தாராளமாகப் பேசுவார். தன் ரொட்டியில் ஓரத்தைக் கிள்ளி அதற்குப் போடுவதும் உண்டு.

ஒரு மத்தியானம் மெக்கானிக் சாப்பிட வந்தார். உருண்டை வழக்கம்போல அவர் மேலே தாவி, சட்டையை முகர்ந்து முகர்ந்து கொஞ்சியது. திடீரென்று இறங்கி, முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்றது. "ஃகர்ர்க், ஃகர்ர்க்" என்று மூக்கால் காற்றை உள்ளே உள்ளே இழுத்தது. கண் பிதுங்கியது.

காது உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "அடைப்பு! தொண்டையில என்னமோ சிக்கிடுச்சு!"

நாயைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினார். வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினார். அது வீலென்று கத்தியது.

மாமனார் பதறி எழுந்து வந்தார். "விட்டுடுங்க மாப்ளே, ஒண்ணும் இல்ல, அதுவா..."

"நீங்க பேசாதீங்க மாமா! என்னத்தப் போட்டீங்க? எலும்பா?"

"நான் ஒண்ணும் போடலைங்க."

"பொய் வேற! ஏதோ போக்கிடம் இல்லையேன்னு இருக்க இடம் கொடுத்தா, வாயில்லாத ஜீவனைக் கொல்லப் பாக்குறீங்க!"

இரவல் ஏணியைத் திருப்பித் தர வந்த மாடிவீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். ஏணியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். மாமனார் நாயின் கழுத்துக்கு நீட்டிய கையை மடக்கி, தன் அறைக்குள் போய்விட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை எதைக்கொண்டு அள்ளுவது?

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உருண்டைக்கு மூச்சு சரியாகிவிட்டது; ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் சிக்கலையே. வீடியோ எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. மெக்கானிக் அந்தச் சத்தத்தைத் தானே செய்து காட்டினார். கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, "ஃகர்ர்க்!" வெளியே பூனைக்கூடையோடு காத்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதுக்கு பேரு தலைகீழ்த் தும்மல். தும்மினா காத்து வெளிய வரும்; இதுல வேகமா உள்ள போகுது. பாக்கத்தான் பயமா இருக்கும். ஒரு நிமிஷத்துல தானா நின்னுடும். நீங்க பதறாம தொண்டையை மெதுவா தடவிக் கொடுங்க, முழுங்கினா அடங்கிடும். அடிக்கடி வந்தாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ, நாக்கு நீலமானாலோ உடனே தூக்கிட்டு வாங்க. தூசி, காரமான வாசனை எல்லாம் சில நாய்க்குத் தூண்டி விடும்." சொல்லிக்கொண்டே மெக்கானிக்கின் சட்டையைப் பார்த்தார். "பெட்ரோல், தின்னர் வேலையா?"

"ஆமாம்மா."

"சட்டையை மாத்திட்டுக் கொஞ்சிப் பாருங்க. ஆமா, ஈறுல இந்தக் கீறல் எப்படி?"

"என் நகம்," என்றார் மெக்கானிக். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவியின் முகம் இறுகியிருந்தது. "அப்பா தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டார். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறா. என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. உங்க வாயால சொன்னது, நீங்களே போய்ப் பேசுங்க."

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். மூன்று நாள் இழுத்தடித்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்த அறைப் பக்கம் போவார், குடித்துவிட்டுத் திரும்புவார். சனிக்கிழமை சாயங்காலம் எப்படியோ உள்ளே போய் நின்றுவிட்டார். மாமனார் கட்டிலில் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் எழுந்தார். அப்படி எழுந்ததே மெக்கானிக்கைச் சுட்டது.

"உக்காருங்க மாமா. தப்பு என்மேலதான். தொண்டையில ஒண்ணும் இல்லியாம். தும்மல் மாதிரியாம். என் சட்டை வாசனையாலகூட இருக்கலாமாம்."

"தெரியுங்க மாப்ளே."

"என்ன தெரியும்?"

"நாலஞ்சு தடவை வந்திருக்கு. நீங்க சாப்பிட்டுக் கிளம்பின கொஞ்ச நேரத்துல வரும். கழுத்தைத் தடவிக் கொடுப்பேன், நின்னுடும்."

"அடக் கடவுளே! ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

மாமனார் வேட்டியின் மடிப்பை நீவினார். "சொல்லலாம்னு ரெண்டு தடவை பட்டறை வாசல் வரைக்கும் வந்தேங்க. ரெண்டு தடவையும் நீங்க யாரையோ சத்தம் போட்டுட்டு இருந்தீங்க. சரி, நமக்கெதுக்குன்னு திரும்பிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மெக்கானிக் பிழைத்திருப்பார். எத்தனையோ வண்டியின் நோயைத் தூரத்திலேயே கேட்டவருக்கு, தன் வாசல் வரை வந்து திரும்பிய காலடி கேட்கவில்லை. வெட்கத்தில் காதுமடல் எரிந்தது. "போகாதீங்க மாமா," என்றார்.

"அதெல்லாம் மனசுல ஒண்ணும் இல்லைங்க. சின்னவளும் ரொம்ப நாளா கூப்பிடுறா." எப்போது திரும்பி வருவேன் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று இவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார். சின்ன மகள் அக்காள் புருஷனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கார் நகரப் போகிற நேரத்தில் மாமனார் கண்ணாடியை இறக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தயங்கி, பிறகு சொன்னார்.

"மாப்ளே, தடவும்போது மேலருந்து கீழ தடவுங்க. அழுத்த வேணாம். நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க."