பூனைக்குட்டி கக்கிய முடி

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு விக் கட்டுவதுதான் பிழைப்பு. விரலால் உருட்டிப் பார்த்தே முடி யாருடையது என்று சொல்லிவிடுவாள். என்னைப் பார்த்தால், "உன் தலை ரொம்ப நாள் தாங்காது, இப்பவே ஆர்டர் குடுத்துடு" என்பாள். வாய்க்கொழுப்புதான். ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் சிரிக்கிறாளே என்று நானும் பொறுத்துக்கொள்வேன்.

அந்த வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. தூக்கினால் எலும்புதான் கையில் பட்டது.

"முடியை முழுங்குது. இன்னும் உள்ள போச்சுன்னா குடல் அடைச்சிடும், பிழைக்காது" என்று கால்நடை டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார்.

அக்கா முடிக்கட்டுகளையெல்லாம் பீரோவில் பூட்டினாள். வீட்டையே சல்லடை போட்டுச் சலித்தாள். அப்படியும் மறுநாள் மதியம் குட்டி முதுகை வளைத்துக் கக்கியது. பழக்கதோஷம், அக்கா அதிலிருந்த இழைகளைக் குழாயில் அலசி விரலில் உருட்டினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இது எம் பொண்ணோட முடி."

"என்னக்கா உளர்றே?"

"காய்ச்சல்ல நானே வெட்டின முடி. எனக்குத் தெரியாதா?"

பட்டப்பகல், தெருவில் ஆள் நடமாட்டம். இருந்தும் அறையில் இன்னொருத்தி நிற்பதுபோல் இருந்தது. அக்கா குனிந்து குட்டியின் கண்ணையே பார்த்தாள்.

"கண்ணு, நீயா?"

குட்டி தள்ளாடியபடி வேலை மேசைக்கு அடியில் போனது. அங்கே விழுந்து கிடந்தது அக்கா தினமும் ஊசி குத்திவைக்கும் சின்னத் திண்டு. கிழிந்திருந்த அதன் மூலையைக் குட்டி சப்ப ஆரம்பித்தது. உள்ளிருந்து செம்பட்டை முடி நீண்டு வந்தது.

வாசலில் நின்ற அக்காவின் கணவர் ஓடிவந்து அதைப் பிடுங்கினார்.

"அவ முடியத் தூக்கிப் போடச் சொன்னே, எனக்கு மனசு வரல. முடிய உள்ள வச்சா ஊசி துருப்பிடிக்காதுன்னு நீதானே சொல்லுவே? உன் கையிலயே இருக்கட்டும்னு நான்தான் தச்சு வச்சேன்."

சாயங்காலம் குட்டி குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கியது. பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊசியாக, மெதுவாக உருவிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஊசியை எடுத்தபிறகுதான் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமா குத்தியிருக்கேனேங்க. புள்ளைக்கு வலிச்சிருக்குமா?"