சல்லிக் கடலில் ஐயாவின் கல்லைத் தேடிப் போன காலை

போன மாதம் என் பேத்தி நிலாவெளியில் கயாக் என்ற ஒடுங்கிய படகில் ஏறி, தானே துடுப்புப் போட்டு மீன் பிடித்துவிட்டு வந்தாள். படத்தைக் காட்டினாள். கையில் விரல் நீளத்தில் ஒரு ஒட்டி மீன். "அம்மம்மா, நடுக்கடலில எவ்வளவு பயம் தெரியுமோ? நீங்கள் எண்டால் மயங்கி விழுந்திருப்பீங்கள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கெட்டிக்காரி. பயணம் போகிறவர்களுக்காக எழுதும் இந்த வலைப்பக்கம் அவளுடையதுதான், எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள், அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆனால் அதே கடலில், அதைவிடச் சின்னத் தோணியில், அவளுடைய அம்மம்மா போனது அவளுக்குத் தெரியாது. சொன்னதும் "எழுதித் தாங்கோ, போடுறன்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் என் கையெழுத்து அழகு என்று வாத்தியாரே சொன்னவர். ஆகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சல்லியில். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே ஆறு மைல், வாசலிலேயே கடல். எங்கள் பக்கத்தில் பெண்கள் தோணியில் ஏறுவதில்லை. ஆனால் ஐயாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மூத்த பிள்ளை நான். ஒரு ஆண்பிள்ளை பிறக்கப் பத்து வருசம் எடுத்ததால், துணைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போவார். கரையிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, கடலுக்கு அடியில் ஒரு பெரிய கல் இருந்தது. வெளியே தெரியாது. சுற்றிவரச் சேறு. அந்தக் கல்லில் மட்டும் விளைமீனும் கலவாயும் கூடி நிற்கும்.

தண்ணீரில் அடையாளம் வைக்க ஏலாது. கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். கரையில் இரண்டு பொருள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தால் அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல். தெற்குக் கோட்டை ஐயா பார்ப்பார். மேற்குக் கோடு அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது, அது என் பொறுப்பு. "வருது… வருது… இப்ப!" என்று நான் கத்துவேன். ஐயா நங்கூரக் கல்லைப் போடுவார்.

பள்ளிக்கூடம் நின்றபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பெரியபிள்ளையானதும் தோணியும் நின்றது. அதற்குத்தான் அழுதேன். பிறகு வவுனியாவுக்கு நாலு மைல் உள்ளே, வயலும் குளமும் உள்ள இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், நல்ல வீடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வரப்பில் நடக்கும்போது குளக்கட்டுப் பனையையும் கோயில் கூரையையும் சேர்த்துப் பார்ப்பேன். சேர்கிற இடத்தில் நின்றுவிடுவேன். "என்ன பார்க்கிறாய்?" என்று இவர் கேட்பார். என்னத்தைச் சொல்ல?

இந்தப் பயணம் நடந்தது எழுபதுகளின் கடைசியில், என் இரண்டாவது பிள்ளை பால் மறந்த வருசம். சித்திரைப் புதுவருசத்துக்குத் தம்பி யோகராசா கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். ஐயா செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வந்த நேரம் அவன் கலியாணம் கட்டி, ஐயாவின் தோணியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து, கதிரை நுனியில் இருந்து நெடுநேரம் நெளிந்தான்.

"அக்கா, ஐயா அந்தக் கல்லுக்கு மேற்கால எதைப் பார்த்துப் போனவர்?"

"உன்னை ஏத்திக்கொண்டு போனவர்தானே. தெரியாதோ?"

"தெற்கு தெரியும். மேற்குக்குத் தான்தான் திரும்பிப் பார்ப்பார், 'கல்லு வந்திட்டுது' எண்டுவார். நான் முன்னுக்கு இருந்து தண்ணி இறைச்சுக்கொண்டு இருப்பன். எத்தனை வருசமாத் தேடுறன், அக்கா. இந்த முறையும் கிடைக்காட்டித் தோணியை வித்துப்போட்டு, ஆரின்ரையும் கரைவலையை இழுக்கப் போறதுதான்."

சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும். ஆனால் சொன்னால் அவன் பஸ் ஏறிப் போய்விடுவான், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இத்தனை வருசத்தில் அந்தத் தோணியில் எனக்கு மிச்சமாக இருந்தது அந்த இரண்டு சொல்தான். வாய் தானாகச் சொன்னது:

"தரையில சொல்ல ஏலாது, தம்பி. கடலில நிண்டு கண்ணால கண்டாத்தான் சொல்லலாம்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ர அக்காவுக்குக் கடலுக்குப் போக ஆசை. கூட்டிக்கொண்டு போ, யோகு."

பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு அடுத்த நாளே கிளம்பினோம். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறக்குறைய அறுபது மைல். ஆளுக்கு ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காலை எட்டு மணி பஸ் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் கொண்டுபோய் விட்டது. நடுவில் ஒரு இடத்தில் சாரதி இறங்கிக் குளித்துவிட்டே வந்தார். பட்டினத்தில் ஒரு தேத்தண்ணி. பிறகு நிலாவெளி பஸ்ஸில் ஏறிச் சாம்பல்தீவுச் சந்தியில் இறங்கி, மிச்சம் நடை. மணல் காலைச் சுட்டது. உப்புக் காற்று மூக்கில் ஏறியதும் நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிய ஐந்தரைக்குத் தோணியடியில் நின்றோம். யோகுவின் பெண்சாதி, என் மச்சாள், ஒரு பெட்டியில் புட்டும் மீன் பொரியலும் கட்டித் தந்தாள். பக்கத்து வளவுச் சின்னத்தம்பி அண்ணை வலை உதறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வலை கையிலிருந்து நழுவிவிட்டது.

"என்னடா யோகு, கடலுக்குப் பொம்பிளையையோ கொண்டு போறாய்? மீனெல்லாம் வெக்கப்பட்டு ஓடப்போகுது."

"ஓடட்டும் அண்ணை," என்றேன் நான். "உங்கட வலைக்குள்ளதானே வரும். எனக்குப் பங்கு தாங்கோ."

"வாய் மட்டும் கந்தப்பற்ற வாய்தான்" என்று ஐயாவின் பெயரை இழுத்துச் சொல்லிக்கொண்டு, தோணியைத் தள்ள அவரே கையும் கொடுத்தார்.

அந்தத் தோணியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. யோகு பின்னால் இருந்து துடுப்புப் போட்டான். என்னை அணியத்தில், அதாவது முன்முனையில், கடலைப் பார்த்து இருத்தினான். "நான் இருந்த இடம், அக்கா. ஆடாமல் இருங்கோ" என்றான். கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. கையைத் தண்ணீரில் விட்டேன். விரலிடுக்கால் குளிர்ந்து ஓடியது. மனதுக்குள் ஒரு பிள்ளை கும்மாளமடித்தது. வெளியே நான் இரண்டு பிள்ளைக்குத் தாய், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரியாதையாக இருந்தேன்.

முக்கால் மணித்தியாலத்தில் யோகு தெற்குக் கோட்டைப் பிடித்தான். பட்டினத்தில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் கடல் முனை, பின்னாலுள்ள மேட்டை விட்டுக் கழன்று தெரிய வேண்டும். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கோட்டை விடாமல் மெல்ல மெல்ல வெளியே போனான். இனி என் வேலை. நான் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தது, ஆனால் எதுவும் நான் அறிந்ததாக இல்லை. மரங்கள், கூரைகள், நீலமாக மலை. எது எதோடு சேர வேண்டும் என்று தெரியும், அவை எங்கே என்றுதான் தெரியவில்லை. "இஞ்ச பார்" என்றேன், ஊகத்தில். யோகு ஈயக்குண்டைத் தங்கூசி நூலில் கட்டி இறக்கினான். குண்டு சேற்றில் புதைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி. சேறு. திரும்பி வந்து இன்னொரு இடம். சேறு. வெயில் நேரே என் கண்ணில் அடித்தது. கழுத்து வலித்தது.

"மறந்துபோனீங்களோ, அக்கா?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டான். வரப்பிலும் அடுப்படியிலும் நின்று ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்த பொருள், பெட்டியைத் திறந்தால் இல்லை என்றது போல இருந்தது. அது போனால் எனக்கு இந்தக் கடலில் என்ன இருக்கிறது?

ஐயாவோடு போனதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். ஐயா எனக்கு முன்னால் இருந்தார். அவருடைய நெஞ்சில் வியர்வை வழிந்ததைக் கண்டிருக்கிறேன். வெற்றிலை வாயைக் கண்டிருக்கிறேன். அப்படியென்றால் நான் ஒரு நாளும் கடலைப் பார்த்து இருக்கவில்லை! அவரைப் பார்த்து, கரையைப் பார்த்து இருந்திருக்கிறேன்.

"தம்பி, பிடி, நான் மற்றப் பக்கம் திரும்பப் போறன்."

"ஐயோ, கவுண்டு போம்! இருங்கோ!"

"சும்மா இரடா." சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, இரண்டு பக்க விளிம்பையும் பிடித்து, பலகையில் இருந்தபடியே ஒரு காலை எடுத்து மற்றப் பக்கம் போட்டேன். தோணி ஒரு பக்கம் சரிந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தது. யோகு "அம்மாளாச்சி" என்று கத்தினான். பிறகு நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன்.

வெயில் இப்போது என் முதுகில். கரை முழுவதும் விளக்கு ஏற்றினது போலத் துலங்கியது. யோகுவின் தோளுக்கு மேலால், அந்த இரண்டு பொருளும் இருந்தன. விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. ஒன்றை ஒன்று இன்னும் தொடவில்லை.

"துடுப்பை வலி," என்றேன். "இன்னும். வருது… வருது… இப்ப!"

குண்டு இறங்கியது. எட்டுப் பாக ஆழத்தில் நின்றது. யோகு நூலை ஒரு விரலால் தூக்கி விட்டான். தூக்கி விட்டான். பிறகு நூலை என் கையில் தந்தான். டக் என்று தட்டியது. கல்!

யோகு உடனே நங்கூரக் கல்லைப் போட்டான். தோணி காற்றுக்குச் சுற்றி, அணியம் கரையைப் பார்க்க நின்றது. அவன் பலகையில் திரும்பி, எனக்கும் கரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, இறாலைக் குத்தித் தூண்டிலை விட்டான். இவனுக்கு மீனோடுதான் கதை என்று நினைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் பதினொரு விளைமீன், மூன்று கலவாய். ஒரு கலவாய் நான் இழுத்தது. அது கல்லிடுக்குக்குள் போய் இறுக்கிக்கொண்டது. நூல் என் சுட்டுவிரலை அறுத்தது. விடவில்லை. என் முழங்கை நீளம் இருந்தது. பேத்தி கவனிக்கவும்.

புட்டைப் பிரித்துத் தின்றோம். யோகு சிரித்தான், விசிலடித்தான். நான் மட்டும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ இப்போது திரும்புவான். கரையைப் பார்ப்பான். எந்த இரண்டு பொருள் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். அதோடு முடிந்தது. பிறகு கல் அவனுடையது, தோணி அவனுடையது. நான் வவுனியாக்காரி. அதற்குத்தானே வந்தேன், அவன் பிழைக்கட்டும் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டேன். மனம் கேட்கவில்லை.

போகிற நேரம் அவன் துடுப்பை என்னிடம் நீட்டினான். "கை நோகுது. கொஞ்ச நேரம் நீங்கள் போடுங்கோ, அக்கா." எனக்கு வேறென்ன வேண்டும்? மெல்லத் தவழ்ந்து இடம் மாறி, அணியத்தைக் கரைக்கு நேராக்கி நான் துடுப்புப் போட்டேன். அவன் எனக்கு முன்னால் குனிந்திருந்து சிரட்டையால் தண்ணீர் இறைத்தான். இறைக்க அவ்வளவு தண்ணீரும் இல்லை. கரை மரங்கள் உயர்ந்து பின்னால் உள்ளதையெல்லாம் மறைக்கும் வரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை.

கரையில் சின்னத்தம்பி அண்ணை ஓடிவந்து தோணிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கயடா பிடிச்சனீங்கள்?"

"கடலிலதான், அண்ணை," என்றேன். அவருக்கு ஒரு விளைமீன் கொடுத்தோம். கையில் தூக்கிப் பிடித்து எடை பார்த்துக்கொண்டே போனார்.

அவர் போனபின் நான் கேட்டேன். "மேற்கால வடிவாப் பார்த்து வைச்சியோ, தம்பி? இனித் தனியாப் போவாய்தானே?"

யோகு மீனைக் கழுவிக்கொண்டிருந்தான். "நான் பார்க்கேல்லை, அக்கா."

"என்னடா சொல்லுறாய்? அதுக்குத்தானே வந்தனாங்கள்?"

"ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்லை. கல்லு இருக்கெண்டு தெரிஞ்சால் எனக்குப் போதும், தோணியை விக்க மாட்டன். பார்த்து வைச்சன் எண்டால் நீங்கள் பிறகு என்னத்துக்கு வருவீங்கள்?"

அதற்குப் பிறகு மூன்று சித்திரைக்குப் போய் வந்தேன். மூன்று முறையும் நான் "இப்ப" என்ற பிறகுதான் அவன் நங்கூரக் கல்லைப் போட்டான். பிறகு சண்டை தொடங்கி, பாதை போன போக்கில் பஸ்ஸும் இல்லை, தோணியும் இல்லை. யோகு குடும்பத்தோடு கடல் கடந்து இராமேஸ்வரம் பக்கம் போய்ச் சேர்ந்தான்.

நீங்கள் போவதென்றால் சித்திரையிலிருந்து ஆவணிக்குள் போங்கள். மாரி மழைக்காலத்தில் அந்தக் கடல் ஆளை விடாது. விடியவே இறங்கி, பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். தலைக்குத் துணி, விரலுக்குச் சீலைச் சுற்று, குடிக்கத் தண்ணீர். கயாக்கில் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறீர்கள் என்று படத்தில் கண்டேன். ஒருக்கால் நிறுத்தித் திருப்பி, கரையைப் பாருங்கள். புறப்பட்ட இடம் அங்கேயிருந்துதான் வடிவாகத் தெரியும். கல் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். பேத்திக்கே சொல்லவில்லை.

யோகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். அவனுக்கும் எழுபது ஆகப்போகிறது, முழங்கால் ஏலாது. போன கிழமை நான் சொன்னேன்: "தம்பி, எனக்கும் வயது போகுது. அந்த மேற்குக் கோட்டை இப்ப சொல்லிவிடுறன், கேள்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது, கடலடியில்தான் நிற்கிறான் போல.

"தரையில சொல்ல ஏலாது எண்டு நீங்கள்தானே, அக்கா, சொன்னனீங்கள்" என்றான்.