ஜலதோஷப் பாட்டு முதலிடம் பிடித்த வருஷம்

பாட்டுகளைச் செருப்பால் அளந்த ஊர் உலகத்தில் எங்கள் ஆம்பூர் ஒன்றாகத்தான் இருக்கும். செருப்பால் அடிப்பது வேறு, அது எல்லா ஊரிலும் நடப்பது. நான் சொல்வது அளப்பதை. ஒரே பாட்டை ஒரு மணி நேரம் ஓடவிடுவார்கள். அதற்குள் எத்தனை ஜோடி ஷூ தைத்து முடிந்தது என்று எண்ணுவார்கள். எந்தப் பாட்டுக்கு ஜோடி ஜாஸ்தியோ அந்தப் பாட்டு முதலிடம். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், என் அம்மாவும் சித்தியும் வேலை செய்த ஷூ கம்பெனியில் இது சில மாதங்கள் நடந்தது.

அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரி அப்போது மூடிக் கிடந்தது. அடுத்த வாரம் திறந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார், மூடின கேட்டைப் பார்ப்பார், திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வீடு நடந்தது அம்மாவும் சித்தியும் கொண்டுவந்த சம்பளத்தில்தான். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு வேகமான கை, வேகமான வாய். அம்மாவுக்கு இரண்டுமே நிதானம். கம்பெனியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின்.

அந்த வருஷம் அம்மா முழுகாமல் இருந்தாள். கம்பெனிக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கவலை. வேலை நிரந்தரமாகாத பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால், வீட்டில் போய் ரெஸ்ட் எடும்மா என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அந்த மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு சித்தி சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அம்மா காலையில் வாந்தி எடுக்கிறாள், கேட்டால் பித்தம் என்கிறாள், என்னைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டாள் என்பது மட்டும்தான். எட்டு வயதுக் கழுதையை எதற்குத் தூக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது உரிமைப் பிரச்சினை.

பாட்டு வந்தது ஒரு ஜெர்மன்காரரால். புதிய மிஷின்களைச் சொல்லிக்கொடுக்க வந்தவர். சிவந்த முகம், அரைக்கால் சட்டை. கூடவே ஒரு டேப் ரிக்கார்டரும், அந்த வருஷம் அவருடைய நாட்டில் முதலிடங்களைப் பிடித்த பாட்டுகள் அடங்கிய கேசட்டும் கொண்டுவந்திருந்தார். அங்கே வாராவாரம் எந்தப் பாட்டின் இசைத்தட்டு அதிகம் விற்றது என்று எண்ணி, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்தி ரேடியோவில் சொல்வார்களாம். அதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் சந்தோஷப்படுவார்களாம், சண்டை போடுவார்களாம். நம் ஊரில் தேர்தலுக்குச் செய்வதை அவர்கள் பாட்டுக்குச் செய்கிறார்கள் என்று சித்தி வீட்டில் விளக்கினாள்.

தையல் கூடத்தில் அந்தக் கேசட்டைப் போட்டதும், வேகமான பாட்டு வரும்போது மிஷின்களும் வேகமாக ஓடுவதை சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். அவர் ஜோலார்பேட்டைக்காரர், ரயில்வே குடும்பம். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போவார். காலர் அழுக்காகாமல் இருக்கக் கைக்குட்டையை மடித்துச் சட்டைக்குள் செருகியிருப்பார். அவர் சிரித்துப் பார்த்ததாகக் கூடத்தில் யாரும் சாட்சி சொன்னதில்லை. அவர் பஜாரில் கேசட் பதிவு செய்கிற கடைக்குப் போய், ஒவ்வொரு பாட்டையும் தனித்தனிக் கேசட்டில் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி எடுத்துவந்தார். சனிக்கிழமை போட்டி. பாட்டுக்கு ஒரு மணி நேரம். கரும்பலகையில் ஜோடிக் கணக்கு. ஜெயிக்கிற பாட்டுதான் அடுத்த வாரம் பூராவும் கூடத்தில் ஓடும்.

பாட்டுகளின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பெண்களே பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று விசில் பாட்டு. ஒன்று மாவாட்டும் பாட்டு. ஒரு பாட்டில் அந்த ஆள் பாடவே இல்லை, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனான். பஸ் கிளம்பும்போது கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்குகிற மாதிரி இருந்ததால் அது கண்டக்டர் பாட்டு. கடைசியாக ஒன்று, ரொம்ப மெதுவாகப் போகும். பாடுகிறவர் மூக்கடைத்துக்கொண்டு பாடியதால் அதற்கு ஜலதோஷப் பாட்டு என்று பெயர் வந்தது.

எனக்குக் கண்டக்டர் பாட்டின் மேல் உயிர். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அம்மாவுக்கும் சித்திக்கும் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோவேன். கேட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும். வீட்டில் சித்தி அதற்கு ஒரு தமிழ் வடிவம் செய்து வைத்திருந்தாள். அலுமினியத் தட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு, 'வேலூர் பள்ளிகொண்டா மாதனூர் ஆம்பூர், மின்னூர் வாணியம்பாடி ஏறு ஏறு ஏறு' என்று ஒரே மூச்சில் சொல்லுவாள். நான் ஆடுவேன். அப்பாகூடச் சிரித்துவிடுவார். அந்த வருஷம் அப்பா சிரித்தது இதற்குத்தான்.

முதல் சனிக்கிழமை கண்டக்டர் பாட்டுதான் ஜெயித்தது. மற்ற பாட்டுகள் கிட்டேகூட வரவில்லை. நான் ஏதோ நானே பாடிய மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் முழுக்க அது கூடத்தில் காலையிலிருந்து மாலைவரை ஓடியது. ஒருத்தி தைத்த துண்டு அடுத்தவள் கூடைக்குப் போக வேண்டும், அவள் தைத்தது அதற்கடுத்தவளுக்கு. எல்லாக் கூடையும் காலியாக, அம்மாவின் கூடையில் மட்டும் துண்டுகள் மலையாகக் குவிந்தன. சூப்பர்வைசர் அவள் பின்னால் வந்து நின்றாராம். இன்னாம்மா, உன் கூடை மட்டும் எறங்கவே மாட்டேங்குது என்று கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இனி முடியாது, நின்றுவிடுகிறேன் என்று அவள் சொன்னதும், அப்பா ஆணியில் மாட்டிய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்தி மட்டும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ அக்கா. அந்தக் கண்டக்டர எறக்கி வுட்டுடறோம்."

அடுத்த சனிக்கிழமை அதிசயம் நடந்தது. கண்டக்டர் பாட்டு ஆரம்பித்ததும் கூடத்தில் ஊசிகள் உடைந்தன. நூல் அறுந்தது. ஒருத்திக்குத் தாகம், ஒருத்திக்குத் தலைச்சுற்றல், ஒருத்தியின் மிஷின் பெல்ட் கழன்றே போயிற்று. ஜலதோஷப் பாட்டு வந்ததும் எல்லா வியாதியும் குணமாகிவிட்டது. யாரும் தலையைத் தூக்காமல் தைத்தார்கள். அம்மாவின் கூடையிலிருந்து சித்தி ஒரு கை, அந்தப் பக்கம் இருந்தவள் ஒரு கை என்று துண்டுகளை எடுத்துத் தங்கள் மடியில் போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் நான் சாப்பாட்டுக் கூடையோடு போய் ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்தால், முதலிடத்தில் ஜலதோஷம். கண்டக்டர் பாட்டு அதலபாதாளத்தில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படி என்று சித்தியைக் கேட்டேன். பாட்டுன்னா அப்படித்தான், ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்றாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் இதுவேதான் ஜெயித்தது. சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்துத் தைத்துவிட்டு, மற்ற நாட்களில் பாட்டின் நடைக்கே கையை விட்டுவிட்டார்கள். அம்மாவின் கூடை அளவாக இருந்தது. எல்லாம் அம்மாவுக்காகத்தான் என்று சித்தி ராத்திரியில் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. வாரக் கணக்குக் கொஞ்சம் கம்மியாக வந்தால், தோல் சரியில்லை என்று சூப்பர்வைசரே மேலிடத்தில் சொல்லிவிடுவாராம். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று சித்திக்கே புரியவில்லை.

ஜெர்மன்காரருக்குத்தான் பெரிய ஆச்சரியம். அவருடைய நாட்டில் அந்தப் பாட்டு வரிசையின் அடியில் ஒரே ஒரு வாரம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனதாம். இந்தியர்களுக்கு எவ்வளவு ஆழமான ரசனை என்று மெய்சிலிர்த்துப்போய், அந்தப் பாடகரின் படத்தை ஊரிலிருந்து தருவித்துக் கரும்பலகைக்கு மேல் ஒட்டினார். நீண்ட முடி வைத்த, சோகமான மனிதர். நாள் பூராவும் அவர் பாட்டைக் கேட்பதோடு முகத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. ரொம்பப் பேஜாராகிவிட்டது என்று சித்தி வீட்டில் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த ஆளுக்கு யாராவது மிளகு ரசம் வெச்சுக் குடுங்களேன் என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு கம்பெனிக்குள் போகலாம். மிஷின்களையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். டேப் ரிக்கார்டருக்கும் வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரருக்கும்தான். அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பொரித் தட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். எல்லாப் பெண்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். அதை நான் கூட்டம் என்று நினைத்தேன்.

ஜெர்மன்காரர் விசில் பாட்டைப் போட, பிள்ளைகள் ஆடினோம். நான் கொஞ்சம் கூடுதலாக ஆடியிருக்க வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். சூப்பர்வைசர் தமிழில் சொன்னார். உங்க வீட்ல எந்தப் பாட்டு நம்பர் ஒன்னுன்னு கேக்கறார், பாப்பா.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் வாரக்கணக்கில் காத்திருந்தேன். என் பாட்டுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல அதைவிடப் பெரிய சபை கிடைக்காது. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கண்டக்டர் பாட்டுதான் சார். சித்தி தெனம் பாடும். ஜலதோஷப் பாட்டு யாருக்குமே புடிக்காது. எங்க அம்மாக்காகத்தான் அது. அம்மா இப்பல்லாம் எல்லாமே மெதுவாதான் செய்யுது."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த தட்டு சரிந்து, பொரி தரையில் கொட்டியது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. குனிந்திருந்தால் சேலை விலகியிருக்கும். ஜெர்மன்காரர் குழந்தை என்ன சொல்கிறாள் என்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே நின்றார். சூப்பர்வைசர் சட்டைக் காலரில் இருந்த கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், அவரிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஜெர்மன்காரர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பாக்குப் பாட்டப் பத்தி ஒன்னும் தெரில. ஜலதோஷப் பாட்டுதான் நம்பர் ஒன். நான் எண்ணிப் பாத்தவன், எனக்குத் தெரியாதா?"

உடனே அந்தப் பாட்டையே போடச் சொல்லிவிட்டார். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். வெறும் கைதட்டல் இல்லை, கூரை அதிர்கிற கைதட்டல். எனக்கு மானம் போனது. உண்மையைச் சொன்னவளை அத்தனை பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லிவிட்டார். அதற்குக் கை தட்டியவர்களில் என் சொந்தச் சித்தியும் ஒருத்தி. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் தூக்கவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

அதோடு விடவில்லை அந்த மனிதர். பூஜை விடுமுறை முடிந்து போன முதல் நாளே, தையல் கோணலாகப் போகிறது என்று எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டி, மிஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிட்டார். ஃபேனுக்குக் கீழே, ஜன்னலோரம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கத்தரியால் நூலை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிதிக்க வேண்டியதில்லை, கூடையும் இல்லை. சம்பளம் அதே சம்பளம். அம்மா இந்தத் தண்டனையைச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று நான் நினைத்தேன். நான் சொன்னதற்காகத்தான் அம்மாவைப் பழிவாங்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் சாமி கும்பிடும்போது அவருடைய ரயில் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மற்றவர்களுக்கு எதுவும் ஆகக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

தை பிறந்ததும் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். மாசியில் தம்பி பிறந்தான். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒருநாள் சாயங்காலம், காலரில் மடித்த கைக்குட்டையும் கையில் ஆரஞ்சுப் பழப் பையுமாக அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். அப்பா ஓடிப்போய்ப் பாயை விரித்தார். சித்தி காபி போட ஓடினாள். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். மேஜை காலியாகத்தான் இருக்கு, மெதுவா வாம்மா என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் என்னைக் கேட்டார்.

"அந்த நம்பர் ஒன் பாப்பா எங்க?"

அம்மா கூப்பிட்டாள். சித்தி கூப்பிட்டாள். அப்பா அதட்டிக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. அவர் காபியைக் கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்துக்கொண்டு, கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததைச் சந்து வழியாகப் பார்த்தேன். கடைசியில், ரயிலுக்கு நேரமாய்ட்டுது, வர்றேன் என்று எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போதுகூட ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் தெரு முனை திரும்பும்வரை நான் வெளியே வரவில்லை. நன்றாக வேண்டும் அவருக்கு, ஒருவழியாக நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து உரித்துச் சாப்பிட்டேன்.