கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே ஆழ்ந்த இரங்கல்

நான் ஒரு முட்டாள். என் மனைவி இதைக் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருகிறாள். நான்தான் ஆதாரம் இல்லை என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆதாரத்தை நானே தயாரித்து, எங்கள் தாமான் புலனக் குழுவில் நானே போட்டுவைத்தேன். இங்கே மலேசியாவில் குடியிருப்பைத் தாமான் என்போம், வாட்ஸ்அப்பை எழுத்தில் புலனம் என்போம். பெயர் என்னவோ அழகுதான்.

நடந்தது இது. என் மகளுக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றில் முகூர்த்தம். ஆவணி மாதம், ஐயர் குறித்துக் கொடுத்த நாள், போதாததற்கு நாட்டின் சுதந்திர தினம், ஊருக்கே விடுமுறை. பத்திரிகை அச்சாகி வந்ததும் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல தகப்பன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. செனாய் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குப் போகுமுன் ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து, ‘இதே நாளில்’ என்று தலைப்புப் போட்டு, சரித்திரத்தில் அந்தத் தேதியில் நடந்தவற்றை இணையத்திலிருந்து அள்ளிக் குழுவில் கொட்டுவேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் ஒருவன் இல்லையென்றால் செனாய்வாசிகளுக்குச் சரித்திரமே தெரியாமல் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

மகள் கல்யாண நாள் என்றால் அதற்கும் ஒரு பெருமை வேண்டாமா? ஆகஸ்ட் முப்பத்தொன்றைத் தேடினேன். முதல் வரியில் மலாயா சுதந்திரம் அடைந்தது என்று இருந்தது. ஆகா என்று மொத்தத்தையும் நகலெடுத்து, கடைசியில் ‘இந்தச் சம்பவங்களோடு எங்கள் வீட்டுத் திருமணமும் சேர்கிறது’ என்று ரோஜாப்பூ வைத்து, பத்திரிகைக்கு அடியிலேயே போட்டுவிட்டேன். முதல் வரிக்குக் கீழே நான் படிக்கவில்லை.

கீழே இருந்தவை: லண்டனில் ஒரு தொடர் கொலைகாரன் கழுத்தறுத்த முதல் பெண். பாரிஸ் சுரங்கப்பாதையில் கார் மோதி இறந்த இளவரசி. அதற்கும் கீழே என் மகள்.

எங்கள் குழுக்களில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் இரங்கல் தெரிவித்தால் மற்றவர்களும் தெரிவித்துவிட வேண்டும். மேலே போய் யார் செத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது பண்பாடில்லை. மூன்றாவது லோரோங்கில், அதாவது சந்தில், இருக்கும் அண்ணன் ஒருவர் கண்ணில் ‘இளவரசி மரணம்’ மட்டும் பட்டிருக்கிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டார். அவ்வளவுதான். ‘ஓம் சாந்தி.’ ‘ஆத்மா சாந்தியடையட்டும்.’ கூப்பிய கைகள், வாடிய ரோஜாக்கள், எரியும் அகல்விளக்குகள். ஒருவர் அக்கறையோடு கேட்டிருந்தார்: ‘எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?’

இவ்வளவும் சிரித்த முகத்தோடு மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் படத்துக்குக் கீழே. மாப்பிள்ளையின் அம்மாவை, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, நானே பெருமையாக அந்தக் குழுவில் சேர்த்திருந்தேன்.

மதியம் அவர் தம் ஊரான ரெங்கத்திலிருந்து என் மனைவிக்குப் போன் செய்தார். அந்த நாள் வேண்டாமாம். பத்திரிகை வெளியே வந்ததுமே இத்தனை பேர் வாயால் சாவுப் பேச்சு வந்துவிட்டது, வேறு நாள் பாருங்கள் என்றாராம். ஆவணியை விட்டால் புரட்டாசி வந்துவிடும், புரட்டாசியில் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர்க் கம்பெனியில் விடுப்பு கிடையாது. ஆக, நாள் தள்ளினால் கல்யாணமே அடுத்த வருடம்தான். அதற்குள் என்னென்ன பேச்சு கிளம்புமோ.

மகள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தக்கூட அம்மாவிடம் சொன்னாள்.

“நீங்கதான் நாள் பாக்குற ஆளாச்சே,” என்றாள் மனைவி. “ஆவணியில யாரும் சாவாத நாளா ஒண்ணு பாத்துக் குடுங்க. குடுத்துட்டு வீட்டுக்குள்ள வாங்க.”

பார்த்தேன். மறுநாள் அதே கடையில், அதே மேசையில், ஆவணி மாதத் தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆகஸ்ட் இருபத்துநான்கில் ஒரு நகரமே சாம்பலில் புதைந்தது என்றார்கள். இருபத்தேழில் நம் பக்கத்துக் கிரகடோவா எரிமலை வெடித்து, கடல் ஏறிவந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. செப்டம்பர் முதல் தேதி உலகப் போர் தொடங்கியது. பதினொன்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் தூக்குமேடை, கப்பல், விமானம், பிணைக்கைதிகள். சுத்தமான தேதி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரத்தத்துக்கு அடுத்த வரியில் ஒரு நடிகரின் பிறந்தநாள் கேக் படம்.

கடைக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போனார். ரொட்டியின் மேல் பருப்புக்குழம்பும் சம்பலும் ஒன்றாக வழிந்து கலந்து கிடந்தன. தினமும் அப்படித்தான் கேட்டு வாங்குவேன். அன்று அதைப் பார்க்கவே குமட்டியது. தட்டைத் தள்ளிவைத்தேன்.

குழம்பு என்ன செய்யும். குமட்டியது நான் இத்தனை நாள் செய்துவந்த வேலை. எனக்கு அதில் ஒரு தேர்வுமுறையே இருந்தது. கொஞ்சம் பேர் செத்த செய்தியைப் போட்டால் யாரும் கட்டைவிரல் காட்ட மாட்டார்கள், அதனால் விட்டுவிடுவேன். நிறையப் பேர் செத்தால் மேலே வரும். பிள்ளைகள் செத்திருந்தால் அழும் பொம்மை ஒன்று சேர்ப்பேன், பதில்கள் கூடும். பிறகு ‘இனிய காலை வணக்கம்’ என்று முடித்துவிட்டு, எரிந்த ஊரைப் பார்த்தபடியே இரண்டாவது ரொட்டிக்குக் கை காட்டுவேன். கசாப்புக்கடைக்காரனாவது கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுகிறான்.

அன்று நான் ஒன்றும் போடவில்லை. பத்து மணிக்குள் மூன்றாவது லோரோங் அண்ணனிடமிருந்து தனிச்செய்தி: ‘என்னா தம்பி, இன்னிக்கு யாரும் சாவலயா?’

கையில் இருந்ததைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, தவணை முடியாத போன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ரெங்கம் போனேன். மகள் வரவில்லை. “பேசி முடிச்சிட்டு வாங்க,” என்றாள். அந்த நான்கு நாட்களில் அவள் என்னிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான்.

சம்மந்தியம்மா பால் சேர்க்காத தே ஓவும் முறுக்கும் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, முடிவுதான் இருந்தது. கையில் தினம் கிழிக்கும் காலண்டர்.

“செப்டம்பர் பதினாறும் லீவுதான். மலேசியா தினம். ஆவணிக்குள்ள வந்துருது. அத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சம்மந்தி.”

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிறகு அவரே பார்த்துவிட்டால்?

“அன்னிக்குப் பெய்ரூட்ல அகதி முகாம் ஒண்ணுக்குள்ள ஆயுதத்தோட பூந்து, இருந்தவங்களக் கொன்னிருக்காங்க,” என்றேன்.

“எந்த ஊரு அது?”

“அரபு நாட்டுப் பக்கம்.”

“நம்மாளுங்க யாரும் இல்லல்ல?”

“இல்ல.”

“அப்ப பரவால்ல.”

“பரவால்லதான்,” என்றேன். சொல்லி முறுக்கையும் கடித்தேன். இரண்டும் என் வாய்க்குள்தான் நடந்தன. நாள் கிடைத்துவிட்ட நிம்மதியில் காலைக்கூட நீட்டி உட்கார்ந்தேன். அப்போது பக்கத்தில் மனைவி மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, “சீ,” என்றாள்.

சம்மந்தியம்மாவுக்கும் கேட்டுவிட்டது. காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“முகாம்னா பிள்ளைங்களும் இருந்திருக்குமே?”

“இருந்துச்சு.”

“நான் பாட்டுக்குப் பரவால்லன்னுட்டேன். நீங்களாச்சும் தடுத்திருக்கலாம்ல.”

தடுப்பதாவது. முறுக்கு வாயில் மாவாகக் கரைந்து கிடந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தே ஓவை ஊற்றித் தள்ளினேன்.

“ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருக்குங்க,” என்றேன். “நான் எல்லாத்தயும் பாத்துட்டேன். சுத்தமான நாளே இல்ல. எனக்கே அருவருப்பாப் போச்சு.”

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே மாலை போட்ட கணவர் படம்.

“இவருக்கு நான் திதி பாத்துத்தான் படைக்கிறேன். அது ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு தேதியில வரும். ஒரு வருசம் பையன் பொறந்த நாள்லயே வந்துருச்சு. காலையில படையல், சாயந்திரம் கேக்கு. ரெண்டயும் நாந்தான் செஞ்சேன். வேற என்னா செய்ய முடியும்?”

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

“ஐயோ அலமாக், இந்தக் காலண்டர வெச்சுக்கிட்டு நானும் நாலு நாளா சாவ எண்ணிக்கிட்டு இருக்கேன்,” என்று அதை மேசைக்கு அடியில் தள்ளினார். “நாளு மேல என்னா தப்பு. நீங்க அந்தச் செய்தியப் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தரும் இரங்கல் போடலயே.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நானும் வேறு யாரையாவது பார்க்கலாமா என்று பார்த்தேன். அறையில் மிச்சம் இருந்தது கணவர் படம்தான்.

“அப்ப முப்பத்தொண்ணாந் தேதியே வெச்சுக்கலாமா சம்மந்தி?” என்று கேட்டேன். தைரியம் வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. “நான் வேணும்னா குழுவுல ஒரு விளக்கம் போட்டுடறேன். நல்ல சம்பவமா மட்டும் பொறுக்கி…”

அவர் தே ஓ கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வெச்சுக்கலாம், நீங்க மட்டும் உங்க போனை வீட்டுல வெச்சிட்டு வாங்க.”