வலி இல்லை என்றார் அண்ணன்

ராட்டர்டாமில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய உதவியாளரைத் தொலைபேசியில் சமாதானப்படுத்த வேண்டும். இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. தொலைபேசியை எடுத்த பெண், வலிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் பத்து என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை. நான்கு என்றேன். "அப்படியானால் நல்லது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள்" என்று வைத்துவிட்டார். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் யாரும் இப்படி மதிப்பெண் கேட்டதில்லை. உள்ளே நுழையும்போதே "உசுரு போவுது டாக்டர்" என்றுதான் நுழைவோம். அவரும் அதை வணக்கம்போல எடுத்துக்கொண்டு ஊசியை எடுப்பார். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றும் தீர்மானம் இல்லை.

அண்ணன் ஏழுமலை இந்த இரண்டு வகையிலும் சேராதவர். இருபத்தைந்து வருடமாக டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர், மணலி, மாதவரம், மறுபடி துறைமுகம். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுக வாசலில் வரிசையில் நின்றால் சில சமயம் மறுநாள்தான் உள்ளே போக முடியும். சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறது. மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். போன அக்டோபரில் ஒருநாள் அண்ணி கஸ்தூரி என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "பாப்பா, உங்கண்ணன் கால்ல ஒரு புண்ணு கீது. வண்டி உள்ள சூடு பட்டு கொப்புளம் வந்துதாம். இருவது நாளா துணிய சுத்திக்கினு ஓட்டுறாரு. பக்கத்துல போனா ஒரு மாதிரி நாத்தம் வருது. சொன்னா கேக்கமாட்றாரு, நீ சொல்லேன்."

அண்ணனிடம் பேசினேன். "அவ சும்மா பேஜார் பண்றா பாப்பா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாளு பூரா போய்டும். வண்டி லைன்ல நிக்குது" என்றார். அப்போதுதான் அரசின் காணொளி மருத்துவம் நினைவுக்கு வந்தது. பதிவு செய்தால் அரசு மருத்துவமனை மருத்துவர் கைபேசியிலேயே பார்ப்பார், கட்டணம் இல்லை என்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நம் ஊர்த் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். லாரியை விட்டு இறங்கவே வேண்டாம் என்றதும் அண்ணன் ஒத்துக்கொண்டார். இறங்காமலே டாக்டரைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு வேடிக்கையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

பதிவை நான் இங்கிருந்து செய்தேன். எனக்கு விடுப்பு நாள், காலை ஏழு மணி. அங்கே பத்தரை. பெயர், வயது, என்ன தொந்தரவு என்று எல்லாவற்றையும் கணினியில் நிரப்பிவிடலாம். ஆனால் ஓடிபி அண்ணனுடைய கைபேசிக்குத்தான் போகும். "நம்பர் வந்துகீது, எய்திக்கோ" என்று அவர் படிக்க ஆரம்பித்ததும் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நாலா, ஏழா என்று நான் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை அவர் போன மாதத்து ஓடிபியைப் படித்தார். மூன்றாவது முறை அண்ணி பிடுங்கிப் படித்தார். டோக்கன் கிடைத்தது. எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். அண்ணி அன்றைக்கு லாரிக்கே வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய கைபேசியில் மருத்துவர் வருவார். அண்ணியின் கைபேசியில் நான் இருந்தேன். எனக்குப் படம் இல்லை, குரல் மட்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் மருத்துவரின் குரல் கேட்டது. இளவயதுக் குரல். காலைக் காட்டச் சொன்னார். பிறகு அண்ணி சொன்னார்: "அந்தக் கால இல்லய்யா, புண்ணு கீற கால காட்டு." அண்ணன் நல்ல காலைக் காட்டியிருக்கிறார். துணியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. மருத்துவர் அருகில் கொண்டுவரச் சொன்னார், விளக்கடிக்கச் சொன்னார், விரலைத் திருப்பச் சொன்னார்.

"வலி எப்படி இருக்குங்க ஐயா?"

"வலியே இல்ல டாக்டரம்மா. ஜோரா கீறேன்."

நல்ல மதிப்பெண் வாங்கியவர்போலச் சொன்னார்.

"வலி இல்லாததுதான் ஐயா எனக்குப் பயமா இருக்கு. சர்க்கரையால கால் மரத்துப்போயிருக்கு. விரல் கறுத்துடுச்சு. இன்னைக்கே நீங்க பெரியாஸ்பத்திரிக்கு வந்தாகணும், நாளைக்கு இல்ல. கூட்டிட்டு வர வீட்டு ஆளுங்க யாராவது இருக்கீங்களா?"

"நான் இருக்கேன் டாக்டர்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

"அது ஹாலந்துல கீது டாக்டரம்மா" என்றார் அண்ணன்.

"ஆலந்தூர்தானே? மெட்ரோ புடிச்சா ஒரு மணி நேரத்துல வந்துடலாம்மா. உடனே கிளம்புங்க."

நாங்கள் மூவரும் அவரைத் திருத்தவில்லை. என் ஜன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. "நான் இட்டுக்கினு வரேன் டாக்டரம்மா" என்று அண்ணி சொன்னார். லாரியை வரிசையிலேயே ஒரு தோஸ்து பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் ஆட்டோவில் போனார்கள். நான் இரண்டு கோப்பைகளைக் கழுவினேன். கழுவியவற்றை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

மறுநாள் காலை சுண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கணுக்கால்வரை போயிருக்கும் என்று வார்டில் சொன்னார்களாம். அண்ணி இதைச் சொல்லும்போது அழவில்லை. "இனிமே ஒம்போது வெரலு" என்று மட்டும் சொன்னார்.

வேலையிடத்தில் விடுப்புக் கேட்கப் போனேன். மேலாளர் நல்ல பெண்மணி. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். வார்டிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்பதாக நினைத்து, நாளை வீட்டுக்கு வந்துவிடுவார் என்றேன். அப்படியானால் அவருக்குத் தனி அறை இருக்கிறதா, உங்கள் படிக்கட்டு ஏற முடியுமா என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டார். தரைத்தளம்தான் என்றேன். நான் இருப்பது மூன்றாவது மாடி என்பது அவருக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அப்புறம்தான் இருவருக்கும் புரிந்தது. டச்சு மொழியில் வீட்டில் என்றால் இரவு நீங்கள் படுக்கிற வீடு. நானோ பதினான்கு வருடமாக அந்தச் சொல்லைத் திருவொற்றியூருக்கும் சேர்த்துப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். வீட்டு நோயாளியைக் கவனிக்கும் விடுப்பு என்று எழுதியதை அடித்துவிட்டு, காரணம் கேட்காத விடுப்பில் இரண்டு நாள் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் கைபேசிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அண்ணன் டிரெய்லர் ஓட்டுவதில்லை. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி எண் எழுதும் வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போகிறார். போன ஞாயிறு அண்ணி காணொளியில் அவருடைய காலைக் காட்டினார். தையல் நன்றாக ஆறியிருந்தது. இனி வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும் என்று மெத்தென்ற கறுப்புச் செருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். "வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு நடக்கறது கலீஜா கீது பாப்பா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் நடந்து காட்டினார். அவர் வாசல்வரை போய்த் திரும்பியபோது அங்கே வரிசையாகக் கிடந்த செருப்புகள் தெரிந்தன. கடைசியில் ஒரு நீல ரப்பர் செருப்பு. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது நான் விட்டுவிட்டு வந்தது. தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள்.

"அத யாரும் போடறதில்லையா அண்ணி?"

"உன்துதான? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

வேலைக்கு நேரமாகியிருந்தது. கைபேசியை அணைக்காமல் மேசைமேல் நிறுத்திவைத்துவிட்டு, குனிந்து குளிர்காலப் பூட்ஸின் நாடாவைக் கட்டினேன்.