மாதா நீலத்தில் ஒரு வளைவு

எங்கள் பெரியப்பா வீட்டு யன்னல்களுக்கெல்லாம் மாதா நீலத்தில்தான் திரை. கட்டில் விரிப்பும் அதே நீலம். கொட்டாஞ்சேனையில் எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் திருவிழா வளைவுக்கு அவர்தான் நிரந்தரப் பொறுப்பு. மாதாவின் சொரூபம் வைத்த கூடு ஊர்வலமாக வரும் நாளில் ஒழுங்கை முகப்பில் நிற்கும் அந்த வளைவை நீலத் துணியால் மூடுவார்கள். மிஞ்சுகிற துணி பெரியப்பா வீட்டுக்குப் போவது வழக்கம். வழக்கமான ஒன்றை யாரும் களவு என்று சொல்வதில்லை.

மிஞ்சுவதற்கும் காரணம் இருந்தது. கமுகமரத்தைப் பிளந்த சிலாகைகளை வில்லாக வளைத்துக் கட்டி, துணியை நீளநீளமாகத் தொங்கவிட்டு ஆணியடித்து, வில்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவார்கள்.

நான் சொல்லும் வருடம், துணி கொடுக்கும் புறக்கோட்டை முதலாளிக்கு வியாபாரம் படுத்துப்போய் அரைச் சுருள்தான் அனுப்பினார். அதே வருடம்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கி அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. எங்கள் வீட்டில் இரவுக்குப் பாணும் சம்பலும் என்றாகியது. அக்கா உயர்தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டிருந்தாள். மறுபடி எழுதுவதென்றால் இன்னொரு வருடம் வெள்ளவத்தை டியூஷனுக்குப் பஸ் ஏற வேண்டும். பெரியப்பாவோ தனக்குத் தெரிந்த ஒருவரின் புடவைக் கடையில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். திருவிழா முடிந்த திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் அண்ணனுக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

துணி போதாது என்று பெரியப்பா வந்து புலம்பியபோது அக்கா குறுக்கே விழுந்தாள். "வெட்ட முதல் கணக்குப் பாத்தாக் காணும் பெரியப்பா."

"எந்தக் கணக்கு? நீ பெயில் விட்ட கணக்கோ?"

"இது சோதனைக்கு வராது. டியூஷன் சேர் சும்மா காட்டித் தந்தவர்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியோ தம்பி? சோதனைக்கு வராததைப் படிக்கத்தான் பிள்ளை வெள்ளவத்தைக்குப் போய் வந்திருக்கிறா."

ஆனாலும் வேறு வழியில்லாததால் சம்மதித்தார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியும் மன்னாரில் மீனுக்கு ஐஸ் உடைத்தும் திரிந்தவன். அக்கா செய்ததை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். வில்லின் படத்தைத் தாளில் கீறி, துணியின் அகலத்துக்குப் பட்டி பட்டியாகப் பிரித்தாள். ஒவ்வொரு பட்டியின் இரு பக்க உயரத்தையும் அளந்து, மேலே அந்த இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தாள். வளைவு போய்ப் பட்டிகள் எல்லாம் சரிவகமாகிவிட்டன. சரிவகத்தின் பரப்பு எவருக்கும் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் முழு வளைவின் பரப்பு, ஏறக்குறைய. அந்த 'ஏறக்குறைய'வை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

"சமன்பாடு தெரிஞ்சாத் தொகையீடு செய்யலாம் அம்மா. கமுகு தன்ர பாட்டுக்கெல்லோ வளையுது? அதைத் துண்டு துண்டாத்தான் பிடிக்கலாம்."

"பிடி, பிடி. மெஷினில ஊசி இல்லை, அதையும் பிடிச்சுக்கொண்டு வா," என்றாள் அம்மா.

ஒரு பட்டியின் சரிவே அடுத்ததின் சரிவாகும்படி அக்கா தலைகீழாக மாற்றி மாற்றி வெட்டினாள். ஒரு நூல்கூட வீணாகவில்லை. கடைசியில் கொஞ்சம் துணி மிஞ்சியபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரியப்பா அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் சம்மனசு என்கிற தேவதூதன் வேடம் எனக்குத்தான். மட்டைச் சிறகு கட்டிக்கொண்டு, வளைவுக்குப் பின்னால் கட்டிய பலகையில் குந்தியிருந்து, கூடு வரும்போது பூத் தூவ வேண்டும். திருவிழா அன்று பின்னேரம் ஏணியில் ஏறிப் பலகையில் இருந்ததும் பார்த்தேன்: ஒவ்வொரு பட்டியின் உச்சிக்கும் சிலாகைக்கும் நடுவே நகத்துண்டு போல வெளிச்சம். நடுவில் மெல்லிசாக இருந்தது. ஓரங்களிலோ என் கையே போகும்.

"அக்கா, ஓட்டை!" என்று கத்தி, ஒன்றுக்குள்ளால் கையை விட்டு ஆட்டினேன். கீழே நின்ற சனம் சிரித்தது.

"மாதாவுக்கு முக்காடு காணேல்ல!" என்றார் பெரியப்பா. "இதுக்குத்தான் சொன்னனான், கடையில நிண்டு முழம் போடப் பழகட்டும் எண்டு."

அக்கா ஏணியில் ஏறி வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தாள். "எல்லாம் குறையுது. ஒண்டுகூடக் கூடேல்ல," என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வில்லு வெளியால போகுதடா, என்ர கோடு உள்ளால போகுது! குறையத்தானே வேணும்!" அவள் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இறங்கி நேரே பெரியப்பாவிடம் போனாள். "அந்தத் துணியைத் தாங்கோ."

"இது மிஞ்சினது."

"மிஞ்சேல்ல. அங்க குறையிறதுதான் உங்கட கக்கத்தில இருக்கு. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு முக்கோணம் வைச்சா ஓட்டை காலாகும்."

"அப்பவும் கால்வாசி ஓட்டையெல்லோ?"

"ஓம். அதுக்குள்ளயும் இன்னும் சின்ன முக்கோணம் வைக்கலாம். முழுசா அடைபடாது. கீழ நிக்கிற சனத்துக்குத் தெரியாட்டிக் காணும்."

"மாதாவுக்குத் தெரியும்," என்றார் பெரியப்பா. சனம் மறுபடி சிரித்தது. அவர் கக்கத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். கோயில் பக்கம் பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது.

மதிலோரம் கதிரையில் இருந்த அப்பா, மதிலைப் பிடித்து மெல்ல எழும்பி வந்தார்.

"அண்ணை, துணியைக் குடுங்கோ."

பெரியப்பா சிரிப்பை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "தம்பி, யோசிச்சுத்தான் கேக்கிறியோ?"

"ஓம் அண்ணை. குடுங்கோ."

ஒரு துண்டுத் துணியைத் திருப்பிக் கேட்பதற்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று, மேலே இருந்தபடி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா முக்கோணங்களை வெட்டி ஊசி குத்திக்கொண்டே போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா மற்றக் கையால் ஏணியைப் பிடித்திருந்தார். கூடு வந்தபோது கீழே எவர் கண்ணிலும் ஓட்டை படவில்லை. எனக்கு மட்டும் மயிரிழை மயிரிழையாக வெளிச்சம் தெரிந்தது.

திங்கட்கிழமை அக்கா கடைக்குப் போகவில்லை. கொப்பிகளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் பஸ் ஏறினாள். பெரியப்பா எங்கள் வீட்டுப் படி மிதிப்பதை விட்டுவிட்டார். கேவலம் ஒரு துண்டு நீலத் துணிக்காக ஒரு மனிதன் தம்பியோடு இவ்வளவு நாள் கோபிப்பானா என்று, விவரம் தெரியாமல் நான் பெரியப்பாவை நினைத்து வெகுகாலம் சிரித்துக்கொண்டிருந்தேன்.